இட்லிச் சட்டியில் கனோம் ஜீப்

கீழக்கரையில் பிறந்து வளர்ந்த என் கணவர், கீழக்கரைக்குத் திரும்பி வந்த பிறகு தாய்லாந்து மொழி மட்டும்தான் பேசுகிறார். பாங்காக்கில் பக்கவாதம் வந்தபோது தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. பாதி வாழ்நாள் ரத்தினக் கல் பட்டை தீட்டிய அந்த ஊரின் பேச்சில் கொஞ்சம் மட்டும் மிச்சம். அவருடைய அக்கா ஆமினா ராத்தா காதருகே குனிந்து, "தம்பி, ராத்தா வந்திருக்கேன்" என்று சத்தமாகச் சொல்கிறார். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. என் கணவர் சொல்வது புரிகிற ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

கஞ்சி, இடியாப்பம், மீன் ஆணம் எதற்கும் வாய் திறப்பதில்லை. அங்கே இருந்தபோது இவற்றுக்காக ஏங்கியவர். விழுங்க முடியும், மனம்தான் இல்லை என்றார் ராமநாதபுரத்து டாக்டர். நாளைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். இன்று மதியம் இரண்டு சொல் சொன்னார்: கனோம் ஜீப். பாங்காக்கில் அவருடைய பட்டறை வாசலில் ஒரு முஸ்லிம் பெண்மணி தள்ளுவண்டியில், மாவுக்குள் கறி வைத்து ஆவியில் அவித்து விற்பது. வீட்டில் நான் ஒருநாளும் செய்ததில்லை. படியிறங்கினால் கிடைத்ததை எதற்குச் செய்வது?

இறாலையும் கோழிக்கறியையும் கொத்தி, பூண்டு, மிளகு, மல்லி வேர் இடித்துச் சேர்த்தேன். மைதாவை மெல்லிய வட்டங்களாகத் தேய்த்தேன். உதவிக்கு உட்கார்ந்த ராத்தா எல்லாவற்றையும் கொழுக்கட்டை போல மூடிவிட்டார்.

"மேல தெறந்து இருக்கணும் ராத்தா."

"ஆவித்தண்ணி உள்ள எறங்கிராது? ஒங்க ஊர்ல யாரும் சொல்லித் தரலயா?"

"எனக்கும் இதுதானே ஊரு."

"சண்டைய பொறவு வச்சுக்குவோம். தம்பிக்குப் பசிக்கும்." மூடியதையெல்லாம் அவரே பிரித்தார்.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவி அவித்தேன். கறுப்பு வினிகர் இங்கே கிடைக்காது. வெள்ளை வினிகரில் கருப்பட்டி கரைத்து, சோயா சாஸ் ஊற்றி, பச்சைமிளகாய் அரிந்து போட்டேன். வறுத்த பூண்டை மேலே தூவினேன். மாவு தடித்துத்தான் போயிருந்தது.

பூண்டு வாசனைக்கு வாய் திறந்தார். ஒன்று. சாஸில் தோய்த்து இன்னொன்று. ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கணவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பா" என்றார். வண்டிக்காரப் பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு மிகுந்த மரியாதையோடு, நாலு கட்டிக் கொடுங்கள், வீட்டில் மனைவி இருக்கிறாள் என்றார்.

"தம்பி என்ன சொல்லுது?"

"நல்லாருக்காம்."

ராத்தா டாக்டருக்குப் போன் போட ஓடினார். நான் நாலை ஒரு பையில் போட்டு, ரப்பர் வளையம் மாட்டிக் கொடுத்தேன். நல்ல கையால் மடியில் பிடித்துக்கொண்டு, கிளம்பத் தயாராக வாசலைப் பார்த்தபடி இருந்தார். பை சூடாக இருந்தது, கை பொத்துவிடும் என்று வாங்கப் போனேன். தரவில்லை. நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.