ஓட்டுத் தையல் போட்ட வீடு

செந்தாமரைக்கு விதி என்றால் உயிர். கம்பெனிக் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. அவர்களுக்கு முன்னால் குடியிருந்த புண்ணியவான் யாரோ அடித்துவிட்டுப் போன ஒற்றை ஆணி ஒன்று கூடத்துச் சுவரில் இருந்தது. காலண்டர், முருகன் படம், பிள்ளைகள் வாங்கிய மெடல் எல்லாம் அந்த ஆணியிலேயே முறைவைத்துத் தொங்கின. அதில் புதிதாக ஒன்றை மாட்ட வேண்டுமானால் பழையது ஒன்று இறங்கியாக வேண்டும்.

புருஷன் தெய்வசிகாமணி சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் மெஷினுக்கு ஆபரேட்டர். ஷிஃப்ட் மாறிமாறி வரும் வீட்டில் ஒழுங்கு இல்லாவிட்டால் குடித்தனம் நடக்காது. அவர் எந்த ஷிஃப்டுக்குப் போனாலும் சோற்று டப்பா நேரத்துக்குத் தயாராக இருக்கும். பகலில் அவர் தூங்கும்போது பிள்ளைகள் வாசலில்கூடச் சத்தம் போட முடியாது. அப்படி வளர்ந்த பிள்ளைகள் இரண்டும் படித்து, ஒன்று பெங்களூருக்கும் ஒன்று துபாய்க்கும் போய்விட்டன. அதற்கப்புறம் விதி போட்டு மேய்ப்பதற்கு வீட்டில் புருஷனைத் தவிர ஆள் இல்லாமல் போயிற்று.

பெங்களூர் மகள் ஒருதடவை வந்தபோது போனில் குயில்ட் தைக்கும் வீடியோவைக் காட்டினாள். துண்டு துணிகளைக் கோலம் மாதிரி கூட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் துணி கொடுத்துப் போர்வையாக்கும் வேலை. அதில் இருந்த விதிகளைப் பார்த்ததும் செந்தாமரைக்கு மனசு நிறைந்துவிட்டது. துணியைத் துவைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். பருத்தி மட்டும்தான். தையலுக்குக் கால் இஞ்ச் விட வேண்டும், அதில் நூலிழை கூடினாலும் முனைகள் சேராது. ஒரு தையல் முடிந்ததும் இஸ்திரி போட்டுவிட்டுத்தான் அடுத்த தையல். இரண்டு வருஷத்தில் அவள் தைத்த நட்சத்திரங்களின் முனைகள் ஊசி முனைபோல வந்து சேர்ந்தன. மகளிர் மன்றத்தில் சனிக்கிழமை வகுப்பே எடுக்கத் தொடங்கினாள். தெய்வசிகாமணி அதற்குக் குயில் கிளாஸ் என்று பேர் வைத்தார். சாப்பாடு தாமதமானால், இன்றைக்கு எத்தனை குயில் கூவியது என்று கேட்பார்.

அவர் ரிட்டயர் ஆகிற வருஷம் வந்தது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது ஊரறிந்த விதி. பண்ருட்டியில் சின்னதாக ஒரு வீடு கட்டி வைத்திருந்தார்கள். போக இடமில்லாத கவலை ஒன்றும் இல்லை. ஆனாலும் செந்தாமரையின் கவலை வேறு. எதிர்வீட்டு மலையாளக் குடும்பம் போன மறுமாசமே அந்த வாசலில் வேறு கோலம் விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த மலையாளத்து அம்மாவின் பேர் தெருவில் பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. தன் பேரும் அப்படித்தான் போகும் என்று நினைக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு ஊரில் இருந்துவிட்டு, இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லாமல் போவதா?

அதனால் மன்றத்துச் சுவருக்கு ஒரு பெரிய குயில்ட் தைத்துக் கொடுக்கத் தீர்மானித்தாள். வகுப்புப் பெண்கள் ஆளுக்கு ஒரு சதுரம் தைப்பது. எல்லாம் ஒரே அளவு. நடுவில் செந்தாமரையின் பெரிய நட்சத்திரம், அதன் மூலையில் அவள் பேர். சதுரத்துக்கு அந்தத் தொழிலில் பிளாக் என்று பேர். வகுப்பில் ஒருத்தி ஊர் மாற்றலாகிப் போய்விட, ஒரு பிளாக் குறைந்தது. செந்தாமரை தெருமுனைக்குப் போய், தூங்குமூஞ்சி மரத்தடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் சாமியம்மாளிடம் சொன்னாள்.

சாமியம்மாள் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். செந்தாமரை வாழவந்த நாளுக்கு முன்னாலிருந்தே அந்த மரத்தடிதான் அவள் கடை. புதுத்துணி தைக்க மாட்டாள், ஆல்ட்டர் வேலை மட்டும். பேன்ட்டின் நீளம் குறைப்பது, யூனிஃபார்மின் கிழிசல் ஒட்டுவது, ஜன்னல் திரை வெட்டித் தருவது. வெட்டியதில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் திருப்பித் தருவாள். பின்னால் கிழிந்தால் அதே துணியில் ஒட்டுப் போடலாம் என்பாள். வாய் கொஞ்சம் நீளம். பெர்மனென்ட் வேலை என்று யாராவது பெருமை பேசினால், "வேலதான் பெர்மனென்ட்டு, வூடு டெம்பரவரிதான" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடிப்பாள்.

ஆளுக்கு ஒரு பிளாக், பன்னிரண்டு இஞ்ச் சதுரம் என்று செந்தாமரை சொன்னாள். எந்த பிளாக்கு வேண்டுமானாலும் தைக்கலாமா என்று சாமியம்மாள் கேட்டாள். எது உனக்கு நன்றாகத் தெரியுமோ அதைத் தை என்று செந்தாமரையும் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசிச் சனிக்கிழமை எல்லாருடைய சதுரங்களும் மேஜைக்கு வந்தன. காற்றாடி, பாய்ப் பின்னல், தாமரை. செந்தாமரை ஸ்கேல் வைத்து அளந்து அடுக்கினாள். சாமியம்மாள் மஞ்சள் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து விரித்தபோது வகுப்பே எட்டிப் பார்த்தது. பிறகு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அது சதுரமே இல்லை. ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு மூலை நாக்கை நீட்டியதுபோல வெளியே வந்திருந்தது. பருத்தி, டெரிகாட்டன், காக்கி, நைலான் எல்லாம் கலந்து கிடந்தன. தீப்பெட்டி அளவுத் துண்டுகள் வரிசை வரிசையாக இருந்தன, நடுவே சாம்பல் நிறத்தில் கோடுகள். செந்தாமரைக்குக் கோபம் தலைக்கேறியது. இது என்ன என்று கேட்டாள்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, ஆளுக்கு ஒரு பிளாக்கு தெச்சிகினு வாங்கன்னு. எனக்கு நல்லாத் தெரிஞ்சது நம்ம பிளாக்குதான். நாம்பளும் அதத்தான் தெச்சிகினு வந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைவிட இயல்பான தப்பு வேறு இல்லை. இந்த ஊரில் பிளாக் என்றால் நாலு ரோட்டுக்கு நடுவே இருக்கும் குவார்ட்டர்ஸ் தெருக்கள்தானே? செந்தாமரை சிரிக்கவில்லை. அவள் சாம்பல் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை தெருக்கள். சரிந்த பக்கம், மெயின் ரோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பக்கம். அப்படியானால் அந்தத் தீப்பெட்டித் துண்டுகள் வீடுகள். அவள் விரல் தானாகத் தன் தெருவைத் தேடிப் போனது.

எதிர்வீட்டின் மேல் இப்போதிருப்பவர்களின் பூப்போட்ட திரைத்துணி இருந்தது. விரல் பட்டதும் துணி மேலே தூக்கிக்கொண்டது. காலண்டர் தாளைப்போல மேல் ஓரத்தில் மட்டும் தைத்திருந்தது. அடியில் இன்னொரு துணி, கசவு ஜரிகை போட்ட வெள்ளை. மலையாளத்து அம்மாவின் முண்டு. அதற்கும் அடியில் ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்மின் நீலம். அதை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் அடுத்த வீட்டைத் தூக்கினாள், அதற்கடுத்ததைத் தூக்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதில் குடியிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக இருந்தார்கள். யாரோ வெட்டிக்கொண்டு போன பேன்ட்டின் மிச்சம், யாரோ கல்யாணத்துக்குக் குறைத்த பட்டுப்பாவாடையின் ஓரம், எல்லாம் அந்தந்த வீட்டில், வந்த வரிசையில். போனவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர்கூடப் போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து மெஷின் மிதிக்கிற ஒரு பொம்பளையின் பைக்குள் ஒரு பிளாக் மொத்தமும் இருந்திருக்கிறது. குயில்ட் என்றால் மூன்று அடுக்கு என்று அவள் எத்தனை தடவை பாடம் நடத்தியிருப்பாள்! இதில் எத்தனை அடுக்கு என்று அவளால் சொல்ல முடியவில்லை. வகுப்பில் சிரித்தவர்களும் இப்போது தங்கள் தங்கள் வீடுகளைத் தேடிக் குனிந்திருந்தார்கள்.

கடைசியில் தன் வீட்டுக்கு வந்தாள். மேலே தெய்வசிகாமணியின் காக்கி. மற்ற வீடுகள் எல்லாம் மெஷின் தையலில் கெட்டியாக இருக்க, இதை மட்டும் வெள்ளை நூலில் லேசாகக் கையால் ஓட்டி விட்டிருந்தது. இழுத்தால் வந்துவிடும். ஓட்டுத் தையலைப் பிரிக்காமல் வேலையை முடிக்கக் கூடாது என்பது அவளே சொல்லிக்கொடுத்த விதி. ஏன் இதை மட்டும் இப்படி விட்டாய் என்று கேட்டாள்.

"நீங்க காலி பண்ணப் போறீங்கல்ல. அடுத்து வர்றவங்க துணிய மேல வெச்சி, சேர்த்து ஒரே தையலா போட்டுர்லாம். இப்பவே கெட்டியா போட்டா அப்பறம் பிரிக்கணும், ஒங்க துணி வீணாப் போவும்."

செந்தாமரை காக்கியைத் தூக்கினாள். அடியில் இலைப்பச்சை நிறத்தில் ஒரு பாவாடைத் துண்டு, பொடி மஞ்சள் பூக்கள். பார்த்ததே இல்லை. இது யார் என்று கேட்டாள்.

"அது சந்திராக்கா. ஒங்களுக்கு முன்னாடி அந்த வூட்ல இருந்தாங்க. கூடத்துல ஆணி அடிச்சதுக்கு வூட்டுக்காரர் ஒரு வாரம் பேசலன்னு என்னாண்ட வந்து அழுவாங்க."

அந்த ஆணிதான். இத்தனை வருஷம் அதில் காலண்டர் மாட்டியிருக்கிறாள், முருகனை மாட்டியிருக்கிறாள். அடித்தது யார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? தன்னை மறந்துவிடுவார்களே என்று சோறு இறங்காமல் கிடந்தவள், தனக்கு முன்னால் அதே அடுப்படியில் நின்றவளின் பேரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வியப்பு பெரிதாக இருந்தது.

அளவுப் பிரச்சினை அப்படியே இருந்தது. ஸ்கேலை வைத்தாள். பன்னிரண்டு இஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த மூலையில் ஒரு பச்சைத் துண்டு, அதன் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. தூங்குமூஞ்சி மரமும் தையல் மெஷினும். சாமியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வெட்டிக்குங்கக்கா. அது ரோட்டோரம்தான, பிளாக்குல சேராது. வெட்டுன துண்ட மட்டும் என்னாண்ட குடுத்துடுங்க."

செந்தாமரை கத்தரியை எடுத்தாள். எடுத்தவள், மேஜையின் நடுவிலிருந்த தன் நட்சத்திரத்தை அந்தக் கோணல் சதுரத்தின் பக்கத்தில் இழுத்து வைத்து, மரத்தின் அளவுக்கு அதன் ஒரு முனையை வெட்டினாள். ஊசி முனைபோலச் சேர்ந்திருந்த முனை அது. பேர் தைத்திருந்த மூலையும் அதோடு போயிற்று. வகுப்பில் யாரோ ஐயோ என்றார்கள். வெட்டிய துண்டை அவள் சாமியம்மாள் கையில் கொடுத்தாள். சாமியம்மாள் அதைப் பத்திரமாக மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள்.

குயில்ட் மன்றத்துச் சுவரில் தொங்கியது. நட்சத்திரத்துக்கு ஒரு முனை குறைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அந்தக் கோணல் சதுரத்துக்கு முன்னால் நின்று, தங்கள் வீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி தன் காக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குயிலைப் பற்றி எதுவும் சொல்லாமல் மூக்கை உறிஞ்சினார்.

பண்ருட்டிக்குக் குடிபோய்ச் சில மாசம் கழித்துச் சாமியம்மாள் போன் செய்தாள். அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, திரை வெட்ட வந்தார்கள், துண்டு எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். செந்தாமரை அன்றே பஸ் ஏறினாள்.

மன்றத்தில் குயில்ட்டை இறக்கி மடியில் போட்டுக்கொண்டார்கள். புதுத் திரைத்துணி நீலம், அதில் குட்டிக் குட்டிக் குடைகள். சாமியம்மாள் ஊசி கோத்தாள். செந்தாமரை கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். தன் வீட்டைத் தானே மூடுவது அவளுக்கு எளிதாக இல்லை. ஒரு தடவை காக்கியைத் தூக்கி அடியில் இருந்த பச்சையைப் பார்த்தாள். பிறகு குடைகளை அதன்மேல் வைத்தாள்.

"வந்த பொண்ணு கேட்டுச்சிங்கக்கா, கூடத்துல ஒரே ஒரு ஆணி இருக்குதே, யாரு அடிச்சதுன்னு. செந்தாமரக்கான்னு சொல்லிட்டேன். பேர வெட்டிட்டீங்களே, அங்கயாவது இருக்கட்டும்னுதான்," என்றாள் சாமியம்மாள்.

ஊசி நின்றது. இருந்ததற்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று தவித்தவளுக்கு அது தானாகவே வந்து சேர்ந்திருந்தது. வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அது நான் அடிச்சது இல்ல. சந்திரா அடிச்சது. அந்தப் பொண்ணுகிட்ட பேரைச் சொல்லு," என்றாள் செந்தாமரை.

சொல்வதாகச் சாமியம்மாள் தலையாட்டினாள். செந்தாமரை வெள்ளை நூலைப் பிரித்து எடுத்துவிட்டு, மூன்று துணிகளையும் சேர்த்துப் பிடித்து, கால் இஞ்ச் விட்டுத் தைத்தாள்.