கடல் தெரியும் காட்டேஜ்

விடுமுறைக்கு எந்தக் கடற்கரைக்குப் போவது என்று மூன்று வாரமாக வீட்டில் சண்டை. மகாபலிபுரம் என்றால் கூட்டம் என்பார் கணவர். பாண்டிச்சேரி என்றால் தூரம் என்பார்.

ஒருவழியாக இன்று காலை கோவளம் பக்கம் ஒரு காட்டேஜை முடிவு செய்தோம்.

பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த படத்தை வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்தார்.

“இது எங்க ஊராச்சே! இங்கயா போப்போற?”

“ஆமாக்கா. ரூம்லேர்ந்தே கடல் தெரியுமாம்.”

“உனுக்குக் கடலு நல்லாத் தெரியும். எங்களுக்குத்தான் பேஜாரு. இந்தக் காட்டேஜ்காரங்க செவுரு கட்டி, கடலுக்குப் போற வழிய அடைச்சிட்டாங்க. கூடையத் தூக்கிகினு ஊரையே சுத்தி வர்றேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே சொன்னார்.

மத்தியானம் போன் செய்து காட்டேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“மறுபடியும் முதல்லேர்ந்தா?” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார் கணவர். எனக்கும் எரிச்சல்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

யார் வழியையும் மறிக்காத காட்டேஜ் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த விடுமுறைக்கு எங்கள் மொட்டைமாடிதான். அங்கிருந்து கேம்ப் ரோடு டிராபிக் அருமையாகத் தெரியும்.