ஆசிட் வைத்த கன்னமும் வைக்காத கன்னமும்

தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருப்பவனுக்கு மருந்து கலக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் காஞ்சிபுரத்தில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். முகமும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என்னுடையது, பதினாறு வயதில் வந்த பருக்கள் சில வருஷம் குடியிருந்துவிட்டு, போகும்போது பள்ளம் பறித்துவிட்டுப் போன முகம். இதைப் படிக்கும்போதே கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறவர்கள் என் இனம், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வந்த வழியே

தாமலிலிருந்து ஒரு விவசாயி, பெண் பார்க்கப் போகவிருந்த மகனை அழைத்து வந்தார். மகன் கன்னத்திலும் என்னைப் போலவே குழிகள். சீட்டு எழுத நிமிர்ந்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார், டாக்டர் பெயர்ப் பலகையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டே மகனிடம் சொன்னார்: "இங்கயே இருக்கறவருக்கே ஆவல, உனக்கு எங்கப்பா ஆவப்போவுது!"

பாதி வைத்தியம்

இப்படித் திரும்பியவர்கள் மூன்று பேரானதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் வேறு ஆள்தான் என்றார். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன். அவரே ஒரு வழியும் சொன்னார். இடது கன்னத்துக்கு மட்டும், குழியை மேலே கொண்டுவரும் ஆசிட் வைப்பது, வலதை அப்படியே விடுவது; வருகிறவர்கள் வித்தியாசத்தைப் பார்க்கட்டும். ஒவ்வொரு குழியாகத் தொட்டு வைத்தார். தொட்ட இடம் வெளுத்தது, எரிந்தது, இரண்டு நாளில் கறுத்துப் பொருக்குத் தட்டியது.

அந்தப் பொருக்கோடு உட்கார்ந்திருந்தபோது கன்னக் குழிக்கு வைத்தியம் கேட்டு ஒரு நெசவாளர் வந்தார். எங்கள் ஊரில் பட்டுச் சேலையை அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் யாரும் பேச்சே எடுக்கமாட்டார்கள். அவரும் என் முகவாயைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு கன்னத்தையும் சோதித்தார். பிறகு உள்ளே போய்த் தீர்மானமாகச் சொன்னார்: "அவருக்கு வலது பக்கம் செஞ்சீங்களே டாக்டரே, எனக்கு அந்த வைத்தியமே போதும்."

கூரத்து டீச்சர்

அதோடு டாக்டர் என்னை மருந்து கலக்கும் அறைக்குள் மாற்றிவிட்டார். மாதம் முடிய நாலு நாள் இருந்தது. பொருக்கு உதிர்ந்து இடது கன்னத்தில் குழிகளின் ஆழம் கொஞ்சம் குறைந்திருந்தது, கொஞ்சம்தான். கூரத்திலிருந்து டீச்சர் வேலை பார்க்கும் ஒரு பெண், கன்னத்தில் அதே மாதிரிக் குழிகளோடு, அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் உள்ளதைச் சொன்னார். ஆசிட் வைக்கலாம், பல தடவை வரவேண்டும். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் தோலைத் தேய்த்து எடுக்கிறார்கள், முகம் வீங்கிப் பல நாள் கிடக்கவேண்டும். எதைச் செய்தாலும் குழி முழுக்க மூடாது, குறையும்.

"குறையும்னா எவ்ளோ குறையும்?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். டாக்டர் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் என் இரண்டு கன்னத்தையும் நிதானமாகப் பார்த்தாள். நானே கண்ணாடியில் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. இவள் இன்று கிளம்புவாள், நான் அடுத்த வாரம் கிளம்பவேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்: "இவ்ளோதான் ஆவும்னு தெரிஞ்சிக்கினேன் சார், எனக்கும் வைங்க. ஆனா இவர உள்ள ஒளிச்சு வைக்காதீங்க, வாசல்லயே உக்கார வைங்க."

வேலை நிலைத்தது; வித்தியாசம் காட்ட ஒரு கன்னம் வேண்டும் என்று சொல்லி, டாக்டர் கடைசிவரை என் வலது கன்னத்தைத் தொடவே இல்லை.