அசிட்டிலின் சொன்ன சாட்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

பாறசாலையில் ஒரு ஃபைபர் நிலையத்தில் எனக்கு வேலை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் கண்ணாடி இழை எங்களிடம்தான் வந்து முடியும். தலைமுடி அளவே இருக்கும் அந்த ஒற்றை இழைக்குள் எட்டு லேசர்கள், கண்ணுக்குத் தெரியாத எட்டு நிறங்கள். எந்த நிறம் எங்கே நிற்க வேண்டும் என்று உலகமே கூடிப் பேசி வைத்திருக்கிறது. நொடிக்கு ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூற்று மூன்று லட்சம் கோடி தடவை துடிக்கும் ஓர் ஒளியிலிருந்துதான் மற்ற எல்லா நிறங்களின் இடத்தையும் எண்ணுகிறார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

அன்று ஒன்பதாவது நிறத்தைச் சேர்க்க வேண்டும். மறுமுனையில் இருந்தவர் என்னைவிட மூத்தவர், ஒப்பந்த ஊழியர். போனில் மட்டும்தான் பழக்கம். அவர் லேசரை ஏற்றினார். கள்ளிக்காடு நிலையத்தில் வேலை முடிந்து ஜீப்பில் வந்த, நிறத்தை அளக்கும் மீட்டரை நான் இறக்கிய கையோடு இழையில் மாட்டினேன். புது நிறம் தன் இடத்தைவிட்டுத் தள்ளி நின்றது. மற்ற எட்டையும் நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, ஒங்க லேசர் தள்ளி நிக்குது."

"இல்ல மக்கா, இஞ்ச சரியாத்தான் உண்டு. ஒனக்க மீட்டர ஒருக்கா பாரு."

"மீட்டர் பொய் சொல்லாது!" என்று போனை வைத்தேன்.

அவர் மேல் ஏற்கெனவே ஒரு புகார் உண்டு. இரண்டாவது வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கணினியில் புகார்ப் படிவத்தை அடித்தேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம் கேட்டது: மீட்டரைச் சரிபார்த்தீர்களா? ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு உள்ளே இருக்கும் வாயுவோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. எங்களில் யாரும் அதைச் செய்வதில்லை. வெயிலில் வந்த பெட்டி, ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கும் என்பது எங்கள் நியாயம். அன்று எரிச்சலோடு அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தேன், கையேட்டைப் புரட்டிக்கொண்டு.

மீட்டருக்குள் மூடி அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் அசிட்டிலின். குளத்தூரில் என் கணவர் வெல்டிங் பட்டறையில் இரும்பு கேட் பற்றவைக்கும் அதே கேஸ்! அந்த நாற்றத்துக்காகத் தினமும் அவரை வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைக்கிறேன். அந்த கேஸ் தன் வழியே போகும் ஒளியில் சில நிறங்களை மட்டும் விழுங்கும். எந்த நாட்டில் அடைத்தாலும் அதே நிறங்கள், அதே இடங்கள். விழுங்கிய இடங்களில் விழும் இருட்டுக் கோடுகளைப் பார்த்துத்தான் மீட்டர் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எவ்வளவு பெரிய விஷயத்தை நான் கெட்ட வாடை என்று திட்டிக்கொண்டிருந்தேன்!

பொத்தானை அழுத்தினேன். சற்று நேரத்தில் திரையில் எல்லா நிறங்களும் ஒன்றாக நகர்ந்தன. ஒன்பது நிறங்களும் தத்தம் இடத்தில் நின்றன. ஒன்பதையும் ஒரே அளவு தள்ளிக் காட்டியது என் மீட்டர்தான். பிரமிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. புகாரை அழித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, ஒங்க லேசர் சரியாத்தான் உண்டு. தப்பு எனக்க மீட்டர்ல. மன்னிச்சிடுங்கோ."



"நீ அவ்வளவு உறப்பாச் சொன்னப்போ, நமக்குத்தான் கண்ணும் புத்தியும் போச்சுன்னு நெனச்சேன் மக்கா. வேலைய விடுதேன்னு எழுதி மேசையில வச்சிருக்கேன். கிழிச்சிரட்டா?"

"கிழிங்க அண்ணா," என்றேன். தாள் கிழியும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.