முந்தானையில் ஒரு அம்மா

மழைக்கு நான் ஒதுங்கிய இடம், காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் கடை. கணினித் திரை முழுக்கச் சின்னக் கட்டங்கள். அவற்றில் ஒரு பெண்ணின் முகம். முந்தானையில் தன் அம்மா முகம் வேண்டும் என்று ஒரு மணப்பெண் கேட்டிருக்கிறாள். டிசைன் போடும் தேவகி கண்ணோரச் சுருக்கங்களைக் கட்டம் கட்டமாகச் சேர்க்கிறார்.

"மொதல்ல அம்மன் மாதிரி அழகா போட்டுக் குடுத்தேன் சார். 'இது எங்கம்மா இல்ல'ன்னு அந்தப் பொண்ணு அழுதுடுச்சு."

கடவுளரையே வரைந்துவந்த ஐரோப்பிய ஓவியர்கள் மனிதரை உள்ளபடி வரையத் தொடங்கிய மறுமலர்ச்சிக் காலப் பாடத்தைப் பள்ளியில் இருபது வருடமாக நடத்துகிறேன். இரண்டு மதிப்பெண் வினா, அவ்வளவுதான் எனக்கு.

"இது கஷ்டமா?"

"சாமின்னா கண்ண மூடிக்கினு போட்டுருவேன். மனுஷங்களத்தான் பாத்துக்கினே இருக்கணும்."

முன்பற்களின் இடைவெளியில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குகிறார். திரையில் அந்த அம்மா சிரித்துவிடுகிறாள்.