சிவப்பு விளிம்புக் காசு

பிறர் செய்த பிழையைச் சுட்டிக்காட்டி மகிழ்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிழையே கிடைக்கவில்லையே என்று ஏங்கி இளைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: எங்கள் படகுத்துறையின் சீட்டுக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

அவர் வேலை எளிதானது. காசை வாங்க வேண்டும், சீட்டைக் கிழிக்க வேண்டும், மீதிச் சில்லறை தர வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவே அவர் தாமாக முன்வந்து நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். கைக்கு வரும் ஒவ்வொரு காசையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எண் இரண்டு முறை விழுந்திருக்கிறதா, தலை ஓரமாக நழுவியிருக்கிறதா, மறுபக்கத்துப் பூ சாய்ந்து கிடக்கிறதா என்று ஆராய்வார். நாணயச்சாலையில் யாரோ ஒருவர் அசந்த நேரத்தில் பிறந்த காசு தம்மைத் தேடி வந்தே தீரும் என்பது அவர் நம்பிக்கை. ஒழுங்கான காசைக் கண்டால் அவர் முகம் சுண்டிவிடும். அரசாங்கம் அவரைத் தினமும் அழவைத்தது.

"அண்ணே, சில்லறையைக் குடுங்க, படகு கிளம்புது."

"படகு திரும்பி வரும். இந்தக் காசு திரும்பி வருமா?"

"நேத்தும் இதே காசைத்தான் குடுத்தேன், இதே மாதிரிதான் பாத்தீங்க. நெளிஞ்சிருக்கு பாருங்க, என் பொண்ணு கடிச்சது."

பூதக்கண்ணாடி அன்றுதான் அதிர்ந்தார். ஆற்றுக்கு இந்தக் கரையில் தரும் சில்லறை அந்தக் கரைக் கடைக்குப் போகிறது; மறுநாள் அங்கிருந்தே அவர் பெட்டிக்குத் திரும்புகிறது. ஆக, ஒரே காசுகளை அவர் திரும்பத் திரும்ப ஆராய்ந்துகொண்டிருந்தார். செக்குமாட்டுக்காவது எண்ணெய் வருகிறது என்ற திருப்தி உண்டு.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்தினார். பூதக்கண்ணாடி அங்கிருந்து ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக்கொண்டார். பார்த்து முடித்த காசின் விளிம்பில் ஒரு சின்னப் பொட்டு வைத்தால், மறுபடி வரும்போது தள்ளிவிடலாம் அல்லவா?

"என்னங்க, பாட்டிலைக் காணோமே. யாருக்கு நகம் போடுறீங்க?"

"காசுக்கு."

"நல்லது. உங்க கையால அழகாகிறதுக்கு அதாவது குடுத்து வச்சிருக்கு."

மனைவியின் ஏளனத்தை அவர் பொருட்படுத்தவில்லை. அவர் மனம் முழுதும் அக்கரையில் இருந்த நாணயச் சங்கத்தில் கிடந்தது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் அதன் தலைவர். புழக்கத்தில் தானே கண்டெடுத்த ஒரு பிழைக் காசைக் கொண்டுவருபவருக்குத்தான் அங்கே உறுப்பினர் பதவியும் பித்தளை பேட்ஜும். பூதக்கண்ணாடி ஒருமுறை கொண்டுபோன காசை, டாக்டர் கடைவாய்ப் பல் பார்க்கும் சிறு கண்ணாடியால் ஆராய்ந்துவிட்டு, "இது பிழை இல்லைங்க, ரயில் ஏறின காசு" என்றார். இன்னொரு முறை, "யாரோ சுத்தியலால தட்டியிருக்காங்க. பாவம்" என்றார். அவர் பாவம் என்றது காசையா, கொண்டுவந்தவரையா என்பது தெளிவாகவில்லை. உறுப்பினர்கள் நாற்காலியில் அமர, பூதக்கண்ணாடி ஒவ்வொரு கூட்டத்திலும் வாசலோரச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

சில மாதம் போயிற்று. ஒருநாள் ஒரு பயணி மீதிச் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி, விளிம்பு விளிம்பாகப் பார்த்தார்.

"என்னப்பா, என் வேலையை நீ பாக்கிற?"

"சிவப்பு விளிம்பு தேடுறேன்ணே. அக்கரை டாக்டர் பத்து மடங்கு குடுத்து வாங்குறாரு. அடிக்கும்போது உள்ளே இருந்த செம்பு கசிஞ்சு வெளியே வந்துடுச்சாம். உலகத்துலயே நம்ம ஆத்துப் பக்கம் மட்டும்தான் கிடைக்குதாம்."

பூதக்கண்ணாடி பாட்டிலைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார்.

இத்தனை அறிஞர்களில் ஒருவர்கூட நகத்தால் சுரண்டிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சங்கத்தின் முதல் விதியே காசைச் சுத்தம் செய்யக் கூடாது என்பதுதான். தேய்த்த காசு செல்லாக் காசு. பல்லை விளக்கச் சொல்லியே வாழ்நாளெல்லாம் சம்பாதித்த டாக்டர், காசை மட்டும் விளக்கக் கூடாது என்பதில் மலைபோல் நின்றார்.

சிவப்பு விளிம்புகள் அதிகம் புழங்கும் கவுண்டர் என்பதால் பூதக்கண்ணாடிக்கே அழைப்பு வந்தது: ஒரு கைப்பிடி கொண்டுவந்தால் உறுப்பினர் பதவி நிச்சயம்.

"போய் உண்மையைச் சொல்லுவீங்களா?" என்றார் மனைவி.

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்க மாட்டாங்களே."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

இந்த நேர்மையை நேரில் காண மனைவியும் கைப்பையோடு கிளம்பினார்.

கூட்டத்தில் பூதக்கண்ணாடிக்கு நாற்காலி போடப்பட்டது. தட்டில் அவர் கொண்டுவந்த காசுகளுக்குப் பக்கத்தில் பேட்ஜ் மின்னியது. அவர் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுந்து, "இந்த அரிய வகை இனிமே என் பேராலேயே வழங்கப்படும்" என்று அறிவித்ததும் அது திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொண்ட மனசாட்சி, பொய்க்கு வேறொருவர் பெயர் வைப்பதைப் பொறுக்கவில்லை.

"டாக்டர், அது நான் வச்ச பொட்டு."

"எது?"

"அந்தச் சிவப்பு. எங்க வீட்டு நெயில் பாலிஷ்."

சபை சிரித்தது. செயலாளரான கடிகாரக் கடைக்காரர், "பேர் போச்சுன்னதும் பொட்டு வச்சேன்கிறாரு. விட்டா, காசுல இருக்கிற தலையையும் நான்தான் வரைஞ்சேன்பாரு" என்றார்.

மனைவி கைப்பையைத் திறந்தார். பஞ்சு வந்தது, ரிமூவர் பாட்டில் வந்தது. தட்டிலிருந்து ஒரு காசை எடுத்தார்.

"அம்மா, துடைக்காதீங்க, துடைக்காதீங்க" என்று டாக்டர் கையை நீட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பஞ்சு சிவந்திருந்தது. காசு எல்லாக் காசையும் போல இருந்தது.

"கல்யாணத்துக்குப் போட்டாலும் ரெண்டு வாரம் தாங்கும் டாக்டர். நல்ல கம்பெனி" என்றார் மனைவி.

டாக்டர் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "நல்ல காசைக் கெடுத்துட்டீங்களே" என்றார்.

சிவப்பு விளிம்புக்குக் கை நிறையச் செலவழித்தவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருந்ததால் முடிவு சீக்கிரம் வந்தது. பிழை இல்லை என்றாலும் அபூர்வம் அபூர்வமே. ஆகவே 'படகுத்துறை வகை' என்ற பெயரில் அதே விலை தொடரும். காசின்மேல் கைவைத்த குற்றத்துக்காகப் பூதக்கண்ணாடிக்கு மட்டும் உறுப்பினர் பதவி கிடையாது. பேட்ஜ் டப்பாவுக்குள் திரும்பியது. இவர் செருப்புகளைத் தாண்டி வெளியே வந்தார்.

"உண்மையைச் சொன்னா மனசு லேசாகும்பாங்க" என்றார் படகில்.

"ஆமா. பாட்டிலும்தான் லேசாயிடுச்சு" என்றார் மனைவி.

பூதக்கண்ணாடி பொட்டு வைப்பதை நிறுத்தினார். ஊர் நிறுத்தவில்லை. இரு கரைகளிலும் சிவப்பு நெயில் பாலிஷுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒருநாள் கவுண்டரில் விழுந்த காசை லென்ஸில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பொட்டு ஒரே இழுப்பில், எறும்புத் தலை அளவில் இருக்கும். இது அப்பியிருந்தது, போதாக்குறைக்கு ஜிகினா வேறு மினுங்கியது. சுத்தப் போலி. வாழ்நாளெல்லாம் தேடிய பிழை ஒருவழியாக அவர் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஆனந்தத்தில் அந்தப் பயணிக்குக் கூடுதல் சில்லறை கொடுத்துவிட்டார்.

மறுவாரம் டாக்டரே ஒரு மரப்பெட்டியோடு கவுண்டருக்கு வந்தார்.

"இதுல எது உங்க கை, எது ஊரான் கைன்னு நீங்கதான் பிரிச்சுச் சொல்லணும்."

பூதக்கண்ணாடி லென்ஸை மடித்துப் பைக்குள் போட்டார். "நான் சங்கத்துல இல்லாதவன் டாக்டர். வெளியாள் சொல்றது செல்லுமா?"

டாக்டர் பெருமூச்சு விட்டுச் சட்டைப் பையைத் துழாவினார். பேட்ஜ் கவுண்டர் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. பூதக்கண்ணாடி லென்ஸை வெளியே எடுத்து, முதலில் அதைத்தான் பார்த்தார். சங்கத்தின் பெயர் நடுவில் விழாமல் இடப்பக்கம் நன்றாக நழுவியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, பெட்டியிலிருந்து முதல் காசை எடுத்தார்.

"அண்ணே, படகு" என்றது வரிசை.


படகு போய்விட்டது.