கால் மாத்திரை

மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம். அதற்குள் கண்ணாடி சிரிஞ்சும் ஊசிகளும் கொதித்து, ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்... இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்போது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு ஒரு வயது நிரம்பவில்லை. பண்ணையாரோடு கூலித் தகராறு முற்றி, எங்கள் தெருவில் ஒருத்தரும் அறுவடைக்கு இறங்காத நேரம். குறுவைக் கதிர் மழையில் சாய்ந்து கிடந்தது. வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தடுப்பூசி போட நர்ஸம்மா வந்தார். வாய்க்கால் உடைத்துக்கொண்டதால் பஸ் ஊருக்குள் வரவில்லை. பாவம், வழியில் வந்த பண்ணையார் வீட்டு வண்டியில் ஏறி வந்துவிட்டார்.

அவ்வளவுதான்! பண்ணை வண்டியில் வந்த ஊசி, பிள்ளைகளை முடமாக்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு.

"எம்புள்ள மேல ஊசி பட்டுச்சு... அப்புறம் நடக்கறதே வேற" என்று சொல்லிவிட்டு அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போனார்.

அம்மா கேட்கவில்லை. அவர் தலை மறைந்ததும் எங்களை ஊசி போடும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். முந்தின வருஷம் பெரியம்மாவின் பிள்ளை கக்குவான் இருமலில் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

தம்பியின் தொடையில் ஊசி இறங்கியதும் அவன் வீறிட்ட வீறலில், அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். நர்ஸம்மா இரண்டு மாத்திரைகளைப் பேப்பரில் மடித்து என்னிடம் கொடுத்தார்.

"காய்ச்சல் வரும், பயப்பட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு. வந்தா கால் மாத்திரை போடணும். மறந்துடாத... கால் மாத்திரை."

மறக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டேதான் ஓடினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது "கால்ல மாத்திரை போடணும்" என்று ஆகிவிட்டது.

அம்மாவுக்கும் சந்தேகமே வரவில்லை. சுளுக்குக்குப் பத்துப் போட்டுப் பழகிய கை. மாத்திரையை உரசி, தண்ணீரில் குழைத்து, வீங்கிய தொடையில் வெள்ளையாகப் பூசினாள்.

பொழுது சாயும்போது தம்பியின் உடம்பு கொதித்தது. அம்மா இரண்டாவது மாத்திரையையும் உரசிப் பூசினாள். கொஞ்ச நேரத்தில் அவன் அழுகையும் நின்றுவிட்டது. காலை அசைக்கவே இல்லை. உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தேன். இழுத்துக்கொள்ளவில்லை...

"முடமாயிட்டானாம்மா?"

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அப்பா வந்தார். தொடையைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கூரை எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு பண்ணை வீட்டுப் பக்கம் திரும்பினார். அம்மா வாசலில் குறுக்கே விழுந்தாள். எனக்கு அழக்கூட வரவில்லை, அப்படி ஒரு பயம்.

வரப்பில் சேறு அப்பிய காலோடு நர்ஸம்மா வந்துகொண்டிருந்தார். ஊசி போட்ட பிள்ளைகளைப் பார்த்துவிட்டு பஸ் ஏறலாம் என்று வந்தவர், அரிவாளைப் பார்த்தார். பிறகு தம்பியின் தொடையைப் பார்த்தார்.

"இத யாரு பூசச் சொன்னது?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் தப்பா காதுல வாங்கிட்டேங்க" என்றாள்.

நர்ஸம்மா பையிலிருந்து இன்னொரு மாத்திரையை எடுத்து நாலாக உடைத்தார். ஒரு துண்டைப் பொடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, பாலாடையில் புகட்டினார். "இதாங்க கால்" என்றார்.

அப்பா அரிவாளோடு நின்றபடியே இருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது... தம்பிக்கு நெற்றியில் வியர்வை பொடித்தது. சிணுங்கினான். பிறகு அந்தக் காலாலேயே அம்மா மடியில் ஒரு உதை விட்டான்.

அரிவாள் எரவாணத்துக்குப் போனது. அப்பா பத்து நாள் அம்மாவோடு பேசவில்லை.

கொரோனா ஊசி போட்டுக்கொண்ட அன்று அம்மாவுக்குக் கை வலி, காய்ச்சல். ஊசி போட்டதற்கு என் போனுக்கு மெசேஜ்கூட வந்துவிட்டது. பேராவூரணியில் தேங்காய் வியாபாரம் பார்க்கும் தம்பி மணிக்கொரு தரம் போன் செய்தான். நான் மாத்திரையை நீட்டினேன்.

"கையில பூசறதா, வாயில போடறதா?" என்றாள் அம்மா. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அப்புறம்தான் கேட்டேன். "அன்னைக்கு ஏம்மா என்னைச் சொல்லாம விட்ட?"

மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"ஒங்கப்பா கையில அருவா இருந்துச்சேடி."